தரையில் படாமல்

"அந்தப் பிள்ள கையில கரண்டி வச்சிருக்கா, பாத்தியளா யக்கா?" என்று குழாயடியில் யாரோ சொன்னது பியூலாவின் காதில் விழுந்தது. குரலைத் தாழ்த்திச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்ன குரல். அந்த மாதிரிக் குரல்தான் தெரு முழுக்கக் கேட்கும். அவள் குழிக்கரண்டியைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள். இழுத்த பிறகுதான், இழுத்ததையும் அவர்கள் பார்த்திருப்பார்கள் என்று தோன்றியது. கரண்டியை வைத்திருப்பதைவிட ஒளிப்பது மோசம். வைத்திருந்தால் ஏதோ கரண்டி, ஒளித்தால் அதற்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும். இனி வெளியே எடுத்தால் அது மூன்றாவது செய்தி. மணி ஆறு ஐந்து. வாதாமரத்தடியில் பொட்டு நின்றது. நின்றுகொண்டே இருந்தது. நான்கு மாதமாக நாளொன்றுக்கு இருபது தடவை, முப்பது தடவை, ஹாலில், அடுப்படியில், அப்பாவின் ஈஸிசேர் அடியில், ஒருநாள் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு என்று தேய்த்து வைத்த வேட்டியின் மேல், எங்கெங்கும் போன நாய், இன்றைக்கு, போயே ஆக வேண்டிய இந்த ஒரு காலையில், ஒரு காலைத் தூக்கிக் காதைச் சொறிந்துகொண்டு, பெரிய வயிறு இரண்டு பக்கமும் ததும்ப, நாக்கைத் தொங்கவிட்டு, அவளையே பார்த்தது. உனக்கு என்னதான் வேண்டும் என்று கேட்கிற மாதிரி. எனக்கு வேண்டியது உன் மூத்திரம், அவ்வளவுதான், என்று பியூலா மனதுக்குள் சொன்னாள். சொன்னதும் சிரிப்பு வந்தது. சிரித்தால் குழாயடி அதையும் பார்க்கும் என்று உதட்டை மடித்துக்கொண்டாள்.

டாக்டர் சங்கரலிங்கம் முந்தாநாள் சொன்னது இவ்வளவுதான்: காலையில் முதல் யூரின் கொண்டு வாங்க, கிடைக்காவிட்டால் அடுத்தது, ஆனால் தரையில் படாமல் பிடிக்கணும், பிடித்து ஒரு மணி நேரத்துக்குள் கொண்டு வரணும், எட்டரைக்கு நான் கிளம்பிடுவேன், அப்புறம் பத்து நாள் பயிற்சி வகுப்பு, சென்னை. அவர் சொன்னபோது அது சின்ன வேலை போல இருந்தது. தரையில் படாமல். அவள் தலையை ஆட்டினாள். எப்படி சார் பிடிக்கணும் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பின்னால் ஒரு அம்மா பூனையை மஞ்சப்பைக்குள் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவள் எதிரில் மூத்திரம் எப்படிப் பிடிப்பது என்று ஒரு ஆண் டாக்டரிடம் கேட்க முடியவில்லை. அந்த அம்மாவே பிறகு வாசலில் வைத்து, கரண்டிய நீட்டுங்க, அடியில நைசா நீட்டுங்க, பயந்திரக் கூடாது, என்று சொன்னாள். பூனை வளர்க்கிறவளுக்கு நாயைப் பற்றித் தெரிந்திருக்கிறது. பியூலாவுக்கு நூலகத்தில் எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் என்று தெரியும். கல்லூரியில் வாய்மொழித் தேர்வு நாளன்று, பதில் தொண்டை வரைக்கும் வந்து நின்றதை விழுங்கிக்கொண்டு வெளியே வந்தவள் அவள். இப்போது அதே கல்லூரியில் நூலக உதவியாளர், யாரோடும் அதிகம் பேச வேண்டாம் என்பதால் பிடித்த வேலை. எட்டு மணிக்கு ஆட்டோ. ஒன்பதரைக்குக் கையெழுத்து. நடுவில் ஒரு கரண்டி மூத்திரம். அதைக் கொண்டுபோனால் சர்க்கரை இறங்கியிருக்கிறதா, கிருமி இருக்கிறதா என்று பார்த்து, ஸ்டீராய்டு மாத்திரையை இன்னும் குறைப்பதா, இல்லை வேறு மருந்துக்கு மாற்றுவதா என்று அவர் சொல்லிவிட்டுப் போவார். கொண்டுபோகாவிட்டால் பத்து நாள். பத்து நாள் இல்லை. நாளைக்கே கெடு.

கெடு வைத்தது அப்பா. நேற்று இரவு சாப்பாட்டில், மோரை ஊற்றிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "நாளைக்கு அந்த டாக்டர் ஒரு வழி சொல்லணும். சொல்லலன்னா நாளன்னைக்குலருந்து மாத்திர கெடையாது. பகல் பூரா அது கூட இருக்கது நான்தான்." அவர் சொன்னதில் பொய் இல்லை. ஒன்பதிலிருந்து ஐந்து வரை மொசைக் தரையை பினாயில் விட்டுத் துடைப்பது, பழைய நைட்டிகளையும் சாக்கையும் மாற்றி மாற்றி விரித்து, நனைந்ததைப் பின்கட்டுக் கொடியில் காயப்போடுவது எல்லாம் அப்பாதான், தேவசகாயம் சார். முப்பத்திரண்டு வருஷம் வாத்தியாராக இருந்தவர், கடைசிப் பத்து வருஷம் தலைமையாசிரியர், தெருவில் இன்னும் பெரிய சார். அந்தக் கையால் நாய் மூத்திரத்தைத் துடைத்துப் பிழிகிறார். துடைக்கிறேன் என்று ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. அதற்குப் பதில் மாத்திரையைத் திட்டுவார். "உங்கம்மாக்கும் இதே எழவு மாத்திரதான்." அதோடு பேச்சு நின்றுவிடும். ஆறு வருஷமாக அந்த இடத்தில்தான் நிற்கிறது. அம்மாவுக்கு மூட்டெல்லாம் வீங்குகிற வியாதி, இதே வெள்ளை மாத்திரை, இதைவிடக் கொஞ்சம் பெரிது. முகம் வட்டமாக உப்பி, கழுத்துக்குப் பின்னால் சதை திரண்டு, சித்தி மகள் கல்யாண ஆல்பத்தில் தன்னைப் பார்த்துவிட்டு, இது யாரு, என்று அம்மா கேட்டாள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே ஒரு நொடி தெரியவில்லை. அன்றைக்கே நிறுத்திவிட்டாள். ஒருவரிடமும் சொல்லவில்லை. ஒன்பதாவது நாள் அடுப்படியில் விழுந்தாள். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள். மாத்திரைதான் கொன்றது என்று அப்பா நினைக்கிறார். நிறுத்தியதுதான் கொன்றது என்று பியூலா நினைக்கிறாள். இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே மேசையில், ஒரு தடவைகூட இதைச் சண்டையாகக் கூடப் போட்டதில்லை. நாய் வந்து இடையில் நிற்கிறது.

இல்லை, நாய் அதற்கெல்லாம் முன்பே வந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், நெற்றியில் கறுப்பாக ஒரு புள்ளியோடு. அம்மாதான் பொட்டு என்று பேர் வைத்தாள். நம்ம வீட்டுல பொட்டு வைக்கது இது ஒண்ணுதான், என்று சர்ச்சில் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள். சபை ஐயர் ஜெபிக்க வீட்டுக்கு வந்த அன்று அவரிடமும் அதைச் சொல்ல, அவரும் சிரித்து, பிறகு ஜெபத்தில் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை சிரித்தார். அந்தப் புள்ளி இப்போது நரைத்துவிட்டது. ஜூலையில் ஒருநாள் பொட்டு படியேற முடியாமல் பாதியில் உட்கார்ந்தது. டாக்டர் உதட்டைத் தூக்கிக் காட்டினார், ஈறு காகிதமாக வெளுத்துப்போயிருந்தது. அதன் ரத்தத்தை அதன் உடம்பே அழிக்கிறது, ஸ்டீராய்டு கொடுக்கிறேன், இரண்டு நாள் பார்ப்போம் என்றார். மூன்றாம் நாள் ஈறு லேசாகச் சிவந்தது. அந்தச் சிவப்பைப் பார்த்து பியூலா கிளினிக் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதாள். அழுதது ஒரு நிமிஷம். அதற்கு அப்புறம் நான்கு மாதம் இது. தாகம் தாகம் தாகம். சட்டிச் சட்டியாகத் தண்ணீர், பிறகு மூத்திரம், பிறகு தண்ணீர். பசி. சாப்பிட்டு முடித்த வாயோடு அடுத்த சாப்பாட்டுக்கு அடுப்படி வாசலில் காவல். மேடையில் ஆறப்போட்டிருந்த பதினோரு இட்லி, துணியோடு. ரேஷன் அரிசிச் சாக்கை ஓட்டை போட்டு, பச்சை அரிசி. ஒருநாள் சோப்பு. சுரைக்காயை வேகவைத்து, தடியங்காயை வேகவைத்து, வயிறு நிறைய வேண்டும் உடம்பு பெருக்கக் கூடாது என்று சோற்றைக் குறைத்து, கிண்ணத்தில் அளந்து, அளந்து வைத்த கையை அது நக்கி, இவ்வளவுதானா என்று பார்த்து. வயிறு மட்டும் உப்பி, பின்னங்கால் குச்சியாகி, முதுகில் மயிர் உதிர்ந்து, தோல் வெங்காயச் சருகாகி. விடிய விடியக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஹே ஹே ஹே என்று மூச்சு. பன்னிரண்டு வருஷத்தில் ஒரு தடவையும் உறுமாதது, சட்டியை நகர்த்தியபோது அப்பாவைப் பார்த்து உறுமியது. அப்பா கையை எடுத்துக்கொண்டு, கோபப்படாமல், ஏதோ தெரிந்தவர் ஒருவர் கெட்டுப்போனதைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். அந்தப் பார்வைதான் பியூலாவுக்குப் பொறுக்கவில்லை. உயிரைக் கொடுத்துவிட்டு மீதியை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிற மருந்து. எடுத்துக்கொள்ளட்டும். மெதுவாகக் குறைத்தால் திருப்பிக் கொடுக்கும் என்றுதானே டாக்டர் சொன்னார். நாலு, மூன்று, இரண்டு, ஒன்றரை. ஃபிரிட்ஜ் கதவில் கட்டம் போட்டு ஒட்டியிருக்கிறாள், சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும், ஒரு வேளையும் விடக் கூடாது, திடீரென்று நிறுத்தவே கூடாது. அந்தக் கடைசி வரிக்கு மட்டும் சிவப்புப் பேனாவால் இரண்டு கோடு. அப்பா தினமும் ஃபிரிட்ஜைத் திறக்கிறார். இரண்டு கோட்டையும் தினமும் பார்க்கிறார்.

பொட்டு நகர்ந்தது. மரத்தடியிலிருந்து, வீடு கட்டுகிறவர்கள் குவித்திருந்த மணல்மேட்டுக்கு. மோந்தது. பியூலாவும் பின்னால் போனாள். கயிற்றைத் தளர்வாகப் பிடித்து, கரண்டியைத் துப்பட்டாவுக்குள் வைத்து, மணலைப் பார்ப்பவள்போல, ஏதோ மணல் வாங்க வந்தவள்போல. மணலில் ஈரம் காயாத ஒரு வட்டம் இருந்தது. அந்த வட்டம் அவளுடைய தப்பு. ஐந்தே முக்காலுக்கு, தெருவில் ஒருவரும் இல்லாத நேரத்தில், இருபத்திமூன்று படி பொட்டைத் தூக்கி இறக்கி, இடுப்பு ஒடிய இறக்கி, இங்கேதான் விட்டாள். விட்டதும் அது குந்தியது. தெய்வமே, எவ்வளவு சுலபம் என்று கரண்டியை நீட்டினாள், அடியில் நைசாக, ஒரு சாண் தூரம், அப்போது பால்காரரின் சைக்கிள் மணி. மணிதான் அடித்தது, அவர் இன்னும் திருப்பத்தில்கூட வரவில்லை. அவள் கை தானாகப் பின்னால் போய்விட்டது. கை யாரைக் கேட்டுக்கொண்டு போயிற்று? கரண்டியை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்று, பால்காரர் "என்னம்மா, சீக்கிரமே எந்திரிச்சாச்சா" என்று கேட்டதற்கு, ஆமா, என்று புன்னகையும் செய்தாள். பொட்டு நிம்மதியாக, நீளமாக, அந்த இரவு முழுவதையும் மணலில் விட்டது. சத்தம் கேட்டது. பால்காரர் போன பிறகும் சத்தம் கேட்டது. பொறு பொறு என்று கரண்டியை நீட்டியபோது பொட்டு எழுந்து பின்காலால் மணலை வாரி எறிந்தது, இரண்டு துளி மணல் கரண்டிக்குள் விழுந்தது. பால்காரர் என்ன நினைத்துவிடுவார்? நாய் மூத்திரம் பிடிக்கிறாள் என்று நினைப்பார். அதுதானே உண்மை. உண்மையை நினைத்தால் என்ன? அவருக்குப் போகிற வழியெல்லாம் நூறு வீடு, ஐம்பது மாடு, அவர் பார்க்காத மூத்திரமா. இதெல்லாம் இப்போது தெரிகிறது. அந்த நேரத்தில் கைக்குத் தெரியவில்லை.

மூன்றாம் வகுப்பிலும் கைக்குத் தெரியவில்லை. டீச்சர், ஒண்ணுக்கு, என்று சுண்டுவிரலைத் தூக்கினால் போதும். எல்லாப் பிள்ளைகளும் தூக்கினார்கள். அவள் தூக்கவில்லை. தூக்கலாம் தூக்கலாம் என்று கணக்கு முடிந்து, தமிழ் பாதி வந்து, பிறகு பெஞ்சு முழுக்க வெதுவெதுப்பாக, பக்கத்தில் இருந்த சுகிர்தா எழுந்து நின்று, டீச்சர் இங்க பாருங்க என்று. வாயைத் திறந்து கேக்க என்னட்டி, என்று டீச்சர் கேட்டதும், அதற்கும் வாய் திறக்கவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் அப்பா அப்போது ஐந்தாம் வகுப்பு வாத்தியார். செய்தி போகாமலா இருக்கும். கொஞ்ச நேரத்தில் வராந்தாவில் அவர் செருப்புச் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். ஜன்னலைத் தாண்டிப் போனார். உள்ளே திரும்பிப் பார்க்கவில்லை. நேராகப் பார்த்துக்கொண்டே போனார். சாயங்காலமும் ஒன்றும் கேட்கவில்லை. இருபது வருஷம் ஆகிறது. கேட்டிருந்தால், அடித்திருந்தால்கூட மறந்திருக்கும். பார்க்காமல் போனதுதான் அப்படியே நிற்கிறது. இந்த நேரத்தில் இது எதற்கு வருகிறது? மணி ஆறு இருபத்தைந்து. போ பொட்டு. போய்த் தொலை. தினமும் போகிறாயே, என் தலையணையில் போனாயே, நேற்று ராத்திரி

நேற்று ராத்திரி போகவில்லை. அந்த நினைப்பு வந்ததும் அவளுக்குள் மறுபடி அந்த லேசான சந்தோஷம் எழுந்தது. விடிகாலையில் அலாரம் அடித்து எழுந்தபோதே எழுந்த சந்தோஷம், யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தாள். நான்கு மாதத்தில் முதல் தடவையாகப் பொட்டு அவளை எழுப்பவில்லை. ஒரு மணிக்கும் இல்லை, மூன்று மணிக்கும் இல்லை. தரை காய்ந்து கிடந்தது. சாக்கு காய்ந்து கிடந்தது. அப்படியென்றால் ஒன்றரைக்குக் குறைத்தது வேலை செய்கிறது. அப்படியென்றால் தாகம் அடங்குகிறது, பின்னங்காலில் சதை வைக்கும், மயிர் முளைக்கும், கெடு எல்லாம் தானாகக் காலாவதி ஆகும். டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்றுகூட ஒத்திகை பார்த்திருந்தாள். சார், நேத்து நைட் ஒரு தடவ கூட எந்திரிக்கல சார். இரண்டு 'சார்' அதிகமோ. நேத்து நைட் ஒரு தடவை கூட எந்திரிக்கல, சார். அவர் நிமிர்ந்து பார்ப்பார். வெரி குட் என்பார். அப்பாவிடம் அந்த வெரி குட்டை அப்படியே

"ஏட்டி பியூலா! ஒண்ணுக்குப் போச்சா?"

மாடி வராந்தாவிலிருந்து அப்பா. பிரார்த்தனைக் கூட்டத்தில் கடைசி வரிசைப் பையனுக்குக் கேட்க வேண்டும் என்று பழக்கப்பட்ட குரல். குழாயடியில் குடம் நிறைந்து வழிந்தும் யாரும் எடுக்கவில்லை. ராஜபுஷ்பம் அக்கா, எதிர்வீடு, கண்ணாலேயே கேட்டாள்: யாருக்கு? பியூலா தலையை இல்லை என்று ஆட்டினாள். அது அப்பாவுக்குச் சொன்னதா, ராஜபுஷ்பம் அக்காவுக்குச் சொன்னதா என்று அவளுக்கே தெரியவில்லை. "எந்தக் கரண்டிய எடுத்துட்டுப் போன?" என்று அப்பா. ஐயோ. கரண்டியை இப்போது தெருவுக்கு அறிமுகம் வேறு செய்தாயிற்று. குனிந்து பார்த்தாள். இருட்டில் கைக்கு வந்ததை எடுத்திருக்கிறாள். காம்பில் பாத்திரக்கடைக்காரன் புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்து: தே. கனகமணி. அம்மாவின் பேர். சர்ச்சில் அசன விருந்துக்குச் சாம்பார் ஊற்ற வீட்டிலிருந்தே அவள் கொண்டுபோகிற கரண்டி. சர்ச் கரண்டிக்குக் குழி போதாது என்பாள். பியூலா எழுத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு கீழ்வாசலுக்கு வந்தாள், மேலே பார்த்து மெல்லிய குரலில், "ஏதோ ஒண்ணு. கத்தாதீங்கப்பா. ஒரு மணி நேரமா போகவே மாட்டேங்குது," என்றாள்.

"போவும் போவும். ராத்திரியே தண்ணிச் சட்டிய எடுத்து மேல வச்சிட்டேன்லா. சுத்தமா இருக்கும், நல்லா எடுக்கலாம்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. "எதுக்கு எடுத்தீங்க?"

"டெஸ்ட்டுக்குல்லா போவுது? வெறும் வயித்துலதான இருக்கணும். எனக்குச் சுகர் பாக்கப் போம்போது ராத்திரி எட்டு மணிக்கு மேல பச்சத்தண்ணி விடமாட்டியே நீ." குரலில் ஒரு நிறைவு. தன் பங்கைச் சரியாகச் செய்துவிட்ட நிறைவு. "ஒன்பது மணிக்கே எடுத்துட்டேன். சட்டியப் பாத்துட்டே நின்னுச்சு, பாவம். நான்தான், நாளைக்கு டெஸ்ட்டுட்டி, பொறுத்துக்கன்னு சொன்னேன்."

ஒன்பது மணி. இப்போது ஆறு முப்பத்தைந்து. ஒன்பதரை மணி நேரம். எதையும் நிறுத்தலாம் தண்ணியை மட்டும் நிறுத்திராதீங்க, அது குடிக்கிறது ஆசைக்கு இல்ல, உள்ள இருந்து இழுத்துட்டுப் போகுது, என்று டாக்டர் சொன்னது அவளிடம். அவளிடம் மட்டும். ஃபிரிட்ஜ் கதவில் மாத்திரைக்குக் கட்டம் போட்டாள், சாப்பாட்டுக்குக் கட்டம் போட்டாள், தண்ணீருக்குக் கட்டம் போடவில்லை. தண்ணீருக்கு யார் கட்டம் போடுவார்கள்? அப்பாவுக்குப் பச்சைத் தண்ணீர் கூடாது என்று சொன்னதும் அவளேதான். போன வருஷம் லேப்காரப் பையன் வெறும் வயிறு என்றதை அவள்தான் தண்ணீர்வரைக்கும் நீட்டினாள். தண்ணீர் குடிக்கலாமா என்று கேட்க ஒரு போன் செய்ய வேண்டியிருந்தது, போனில் பேசுவதற்குப் பதிலாக அப்பாவைப் பட்டினி போட்டாள். அப்படியானால் அந்த நிம்மதியான ராத்திரி. காய்ந்த தரை. காய்ந்த சாக்கு. வெரி குட். அது மருந்து குறைந்ததால் இல்லை. அது விடிய விடிய வறண்ட நாக்கோடு, காலிச் சட்டி இருந்த இடத்தில் படுத்துக்கொண்டு, நாளைக்கு டெஸ்ட்டு என்று பொறுத்துக்கொண்டிருந்தது. அவள் தூங்கினாள். சந்தோஷமாகத் தூங்கினாள். அது உடம்பில் வைத்திருந்த கொஞ்சத்தையும் மணல் குடித்தது, பால்காரரின் சைக்கிள் மணிக்காக. அவளுக்கு அப்பா மேல் ஆத்திரம் கொதித்து வந்தது. வந்த ஆத்திரம் பாதி வழியில் திரும்பி அவள் மேலேயே விழுந்தது. மறுபடி அப்பா மேல் எறிந்தாள். யாரைக் கேட்டு எடுத்தீங்க? உங்களுக்கு எல்லாம் தெரியுமா? தெருவில் நின்று அவள் குரலை உயர்த்தியது அவளுக்கே காதில் விழுந்தது: "யாரைக் கேட்டு எடுத்தீங்க? செத்துப்போயிருக்கும்பா! அம்மாவ மாதிரியே, ஒருத்தருட்டயும் சொல்லாம நீங்களா ஒண்ண நிறுத்தி..." குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மேலே அப்பா வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போய்விட்டார்.

தண்ணீரை ராஜபுஷ்பம் அக்காதான் கொண்டுவந்தாள். தன் குடத்திலிருந்தே ஒரு பிளாஸ்டிக் கப்பில். "குடிக்கட்டும் பிள்ள. என்னத்துக்குச் சத்தம்? சாரப் போயி..." பியூலா கப்பை வாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டினாள், ஒரேயடியாக விட்டால் கக்கிவிடும். பொட்டு கப்பைப் பல்லால் பிடித்து இழுத்தது. நாக்கின் சத்தம் தவிர எதுவும் கேட்கவில்லை. இரண்டாவது கப். மூன்றாவது. கண்ணை மூடிக்கொண்டு குடித்தது. "இம்புட்டுத் தாகமா? எங்க மச்சானுக்குச் சுகர் கூடுனப்ப இப்படித்தான்," என்றாள் ராஜபுஷ்பம் அக்கா, பிறகு கரண்டியைப் பார்த்து, "அது எதுக்குன்னு இப்பம் வெளங்கிட்டு. நான் மருந்து ஊத்தவாக்கும்னு நெனச்சேன். இந்தா நிக்கவ என்னன்னா, நாய்க்குக் கரண்டியில சாம்பார் குடுக்கான்னு சொல்லுதா." குழாயடியில் சிரிப்பு. பியூலாவுக்குக் காது சுட்டது. சிரிக்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை, அதுதான் கஷ்டம். கெட்டவர்களாக இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம்.

பிறகு காத்திருப்பு. தண்ணீர் வயிற்றில் இறங்கி, வயிற்றிலிருந்து ரத்தத்துக்குப் போய், அங்கிருந்து வர எவ்வளவு நேரம் ஆகும்? வீட்டில் என்றால் அரை மணி. அரை மணி கணக்கு எல்லாம் வீட்டுத் தரைக்கு. தெருவுக்கு வேறு கணக்கு. ஏழு ஐந்து. ஏழு பத்து. வெயில் மணல்மேட்டின் உச்சியில் விழுந்தது. மீன்காரர் வண்டி ஹாரனோடு வந்து குழாயடியில் நின்றது. இன்னும் நாலு பெண்கள். பள்ளிக்கூட வேனுக்குப் பிள்ளைகள் மூன்று, முதுகில் பையோடு, மணல்மேட்டில் ஏறுவதும் சறுக்குவதும். ஒன்று அவளையே கேட்டது, அக்கா அது ஏன் குண்டா இருக்கு, குட்டி போடப் போவுதா? இல்ல, மாத்திர. மாத்திர சாப்ட்டா குண்டாவுமா? ஆமா. அம்மாவின் ஆல்பம். இது யாரு. அவள் பார்வையை வராந்தாவுக்கு ஓட்டினாள். ஒருவரும் இல்லை. போய்ப் படுத்திருப்பார். இல்லை என்றால் மாத்திரை டப்பாவை எடுத்துத் தூக்கி எறிந்துகொண்டிருப்பார். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். சொல்ல வேண்டியதுதான், ஆறு வருஷமாகச் சொல்ல வேண்டியது, ஆனால் குழாயடியில், மூத்திரக் கரண்டியோடு, இப்படியா? கேட்க வேண்டிய நேரத்தில் சுண்டுவிரல்கூட எழும்பாது. வேண்டாத நேரத்தில் வாய் மட்டும் தெரு முழுக்க. நான் ஒரு எழவு. பொட்டு மணலைச் சுற்றி வந்தது. மூக்கைத் தரையில் வைத்து, ஒரு வட்டம், சின்ன வட்டம், இன்னும் சின்ன வட்டம். இந்த வட்டம் அவளுக்குத் தெரியும். ஈஸிசேர் அடியில் போவதற்கு முன் போடுகிற வட்டம். கரண்டியை வெளியே எடுத்தாள். மீன்காரர் தராசைக் கையில் பிடித்தபடி பார்த்தார். பிள்ளைகள் சறுக்குவதை நிறுத்தின. ஒரு பெண், ஏ, இந்தா எடுத்துட்டா, என்றாள். பொட்டு முன்னங்காலை ஊன்றிப் பின்பக்கத்தை இறக்கியது. பியூலாவின் கை நீண்டது, பாதியில் நின்றது. நீளு. கை நின்றது. ஒரு சாண். அவ்வளவு பேரின் கண்ணும் அந்தக் கையின் மேல் ஈயாக மொய்க்க, அது அவளுடைய கை மாதிரியே இல்லை. பொட்டுவும் தலையைத் திருப்பி எல்லாரையும் பார்த்தது, கரண்டியைப் பார்த்தது, மறுபடி எழுந்துவிட்டது.

படியில் செருப்புச் சத்தம். அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு படியாக, முட்டி வலிக்கு இரண்டு காலையும் ஒரே படியில் சேர்த்து வைத்து இறங்குகிற சத்தம். அவள் திரும்பவில்லை. அப்பா வந்து அவளைத் தாண்டி மணல்மேட்டுக்கும் குழாயடிக்கும் நடுவில் நின்றார். சட்டை போட்டிருந்தார், பித்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. கையில் அவருடைய கட்டில் போர்வை, நீலத்தில் வெள்ளைக் கட்டம், மடித்தபடியே. அதை உதறினார். இரண்டு மூலையையும் பிடித்து, கைகளை அகல விரித்து, தோளுக்கு மேல் தூக்கினார். நாசரேத்து ஊருக்கு வேனில் போகும்போது வழியில் ஒதுங்குகிற பொம்பளைகளுக்காக அம்மாவும் சித்தியும் பிடிப்பார்களே, அப்படி. போர்வைக்கு இந்தப் பக்கம் மணல், பொட்டு, பியூலா. அந்தப் பக்கம் தெரு. அவர் இவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முகத்தை நேராகத் தெருவுக்கு வைத்துக்கொண்டு நின்றார்.

"என்ன சார், காலங்காத்தால போர்வையப் பிடிச்சிட்டு நிக்கிய?" என்று மீன்காரர் கேட்டது போர்வைக்கு மேலாக வந்தது.

"காயப் போடுதேன்."

"கையிலயா?"

"ஆமா. நீரு மீன நிறுத்துக் குடும்."

பொட்டு மறுபடி வட்டம் போட்டது. பெரிய வட்டம், சின்ன வட்டம். பியூலா மணலில் முழங்காலிட்டாள். குந்தியது. கரண்டி போனது. காம்பு வெதுவெதுப்பானது, பிறகு கனத்தது, பிறகு வழிந்து, கனகமணி என்ற எழுத்தின் மேல் ஓடி, அவள் மணிக்கட்டு வரை வந்தது. கையை எடுக்கவில்லை. நிமிர்ந்து, டாக்டர் கொடுத்தனுப்பிய சின்ன டப்பாவில் ஊற்றி, மூடியைத் திருகி, இன்னொரு தடவை திருகி, "ஆச்சுப்பா," என்றாள்.

அப்பா திரும்பவில்லை. தூக்கிய கைகளை இறக்கவும் இல்லை. போர்வையின் கீழ்விளிம்பு ஆடியது. "அது போய் முடிக்கட்டும்," என்றார், தெருவைப் பார்த்தே. பொட்டு இன்னும் போய்க்கொண்டிருந்தது, நீளமாக, அவசரமில்லாமல். பள்ளிக்கூட வேன் வந்து, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, போனது. பொட்டு எழுந்து பின்காலால் மணலை வாரி அவர் வேட்டியில் எறிந்து முடிக்கும் வரைக்கும் அவர் போர்வையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.